மதிலில் ஒட்டிய முகம்

எங்கள் வீட்டுப் பெரிய பானை அலுமாரிக்கு மேலேதான் இருக்கும். தைப்பொங்கலுக்கோ, யாராவது கூட்டமாகச் சாப்பிட வந்தாலோ இறக்குவேன். மற்றப்படி மூடியும் தானுமாக அங்கேயே குந்திக்கொண்டிருக்கும். லா கூர்னெவ் என்கிற இந்தப் பிரெஞ்சு ஊரில், இந்த மாடிக் கட்டடத்துக்கு நானும் மகனும் குடிவந்த நாளிலிருந்து அதற்கு அதுதான் இடம்.

மேல் மாடியில் இருக்கிறவளின் மகன் வெடிபட்டுச் செத்தபோது அதை இறக்க வேண்டி வந்தது. அவள் வன்னியிலிருந்து வந்தவள். என்னைவிட நிறைய இளையவள், என்னை அக்கா என்பாள். ஒரே பிள்ளை அவளுக்கு. சாமான் கிடங்கு ஒன்றில் வேலை செய்த பெடியன். மாடிப்படியில் என்னைக் கண்டால் கேட்காமலே பையை வாங்கிக்கொண்டு முன்னே ஏறுவான். ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஒரு கபே வாசலில் கோப்பி குடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். வேறு யாருக்கோ சுட்ட வெடி அவனுக்குப் பட்டது. ஆள் மாறிச் சுட்டுப்போட்டார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆள் மாறாமல் சுட்டிருந்தால் பரவாயில்லை என்பதுபோல அந்தப் பேச்சு இருந்தது.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். பிரேதம் எடுக்கும்வரை அயல்தான் சமைத்துக் கொடுக்க வேண்டும். இந்த நாட்டில் பிரேதம் கைக்கு வரவே நாள் செல்லும். பொலிஸ் விசாரணை என்றால் இன்னும் செல்லும். வந்து போகிற சனத்துக்கும் சேர்த்துச் சோறும் கறியும் நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. நாலு பேர் இருக்கிற இடத்தில் என் குரல் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். சமைக்க வரும்.

கதிரையைப் போட்டு ஏறிப் பானையை இழுத்தேன். வெறும் பானைக்கு இல்லாத பாரம் அதில் இருந்தது. மூடியில் தூசி படிந்திருந்தது. திறந்தால் உள்ளே மகனின் பழைய துவாய். துவாய்க்குள் துவக்கு. கைக்குள் அடங்குகிற சின்னத் துப்பாக்கி.

எங்கள் சனத்துக்குத் துவக்கு புதினமான சாமான் இல்லை. அதற்குப் பயந்துதானே அரைவாசிப் பேர் இங்கே வந்தோம். ஆனால் நான் கண்டதெல்லாம் வேறு ஆட்களின் தோளிலும் இடுப்பிலும். சோறு வடிக்கிற பானைக்குள் கண்டது இதுதான்.

கதிரையில் நின்றபடியே துவாயை மூடினேன். மூடியைப் போட்டேன். பானையை முன்பிருந்த இடத்துக்கே தள்ளிவிட்டு இறங்கினேன். பிறகு வீட்டில் இருந்த சின்னச் சட்டிகளில் திரும்பத் திரும்பச் சோறு போட்டு மேலே கொண்டுபோனேன்.

அவள் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தாள். யாரையும் பார்க்காமல் இருந்தவள் என் கையில் இருந்த சட்டியைப் பார்த்தாள்.

"எங்கையக்கா உங்கடை பெரிய பானை? இவன்ரை பிறந்தநாளுக்கு நான் இரவல் வாங்கினது."

"அது ஓட்டையாப் போச்சுது பிள்ளை."

"நல்ல பானை," என்றாள். பிறகு மறுபடியும் நிலத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

அன்றைக்கு என்னைத் தாங்கிப் பிடித்தது அந்த மூடியில் இருந்த தூசிதான். தூசி இருந்ததென்றால் பானையைக் கிட்டடியில் யாரும் திறக்கவில்லை. திறக்கவில்லை என்றால் அந்தத் துவக்கு அந்தப் பிள்ளையைச் சுட்டதாக இருக்க முடியாது. இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் வீடு துடைக்கிறதில் சோம்பேறி என்று மகன் பகிடி பண்ணுவான். அந்தச் சோம்பல் நல்லதாய்ப் போனது என்றுகூட நினைத்தேன். ஆனால் நாள் போகப்போக, உண்மையிலேயே தூசியைக் கண்டேனா, அல்லது காண வேண்டும் என்று ஆசைப்பட்டேனா என்று எனக்கே பிடிபடாமல் போயிற்று. திரும்ப ஏறிப் பார்க்கவும் வழியில்லை. மூடியில் என் கை பட்டுவிட்டது.

மகனுக்கு முப்பது கடந்துவிட்டது. கலியாணம் இன்னும் சரிவரவில்லை. கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் நிற்கிறான். முதலில் அவன் வந்து, கஷ்டப்பட்டுத்தான் பிறகு என்னை இங்கே எடுத்தான். பானையைத் திறந்த மறுநாள் காலை அவன் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"தம்பி, பானைக்குள்ளை என்ன?"

அவன் நிமிரவில்லை. "எந்தப் பானை?"

"எத்தினை பானை அலுமாரிக்கு மேலை வைச்சிருக்கிறம்?"

சப்பாத்து நூலை ஒருமுறை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினான்.

"அது என்ரை இல்லையம்மா."

"எங்கடை வீட்டிலை இருக்குதே."

"ஒராள் வைச்சிருக்கச் சொன்னவர். பிறகு வந்து எடுப்பினம்."

"ஆர்?"

"உங்களுக்கு அது தேவையில்லை."

"மேலை ஒரு பிள்ளை செத்துப் போச்சு, தம்பி."

"அதுக்கும் இதுக்கும் ஒண்டுமில்லை."

"மெய்யே?"

"அம்மா, எனக்கு ரயில் போகப்போகுது."

இன்னொரு நாள், திருப்பிக் கொடுத்துவிடு என்று கேட்டுப் பார்த்தேன். "வந்த புதுசிலை எனக்குப் படுக்க இடம் தந்தவை அம்மா. இப்ப நான் ஏலாது எண்டு சொல்லலாமோ?" என்றான். சொன்னால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அவன் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனான்.

பொலிசுக்குப் போகலாம் என்று நினைக்காத நாள் இல்லை. போனால் பிடிபடுவது அவன்தான். அவனுடைய விசா அட்டை புதுப்பிக்கிற காலம் வேறு. எனக்குப் பிரெஞ்சில் வணக்கம் சொல்லத் தெரியும், நன்றி சொல்லத் தெரியும், மன்னிக்கச் சொல்லிக் கேட்கத் தெரியும். அவற்றை வைத்துக்கொண்டு பொலிசில் நின்று எதைச் சொல்வது? கொண்டுபோய்க் கால்வாயில் எறிந்துவிடலாம் என்றும் நினைத்தேன். எறிந்த பிறகு அதன் சொந்தக்காரர் வந்து கேட்டால் மகன் எதைக் கொடுப்பான்? படுத்தால் அலுமாரிக்கு மேலே பானை தெரியும். அதைப் பார்க்காமல் படுக்க அந்த அறையில் வேறு பக்கம் இல்லை.

அந்தப் பிள்ளையின் அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்து கொஞ்ச நாளில் ஒரு பெட்டை மேல் வீட்டுக்கு வந்தாள். எங்கள் சனம்தான். இங்கேயே, சென் தெனியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் கதைப்பாள், நடுவில் சொல் அகப்படாவிட்டால் பிரெஞ்சைப் போட்டு நிரப்புவாள். முகங்களைப் படம் எடுத்து, கதவளவு பெரிய கடதாசியில் அச்சடித்துத் தெரு மதில்களில் ஒட்டுகிறவளாம். துவக்கால் நடக்கிற சாவுகளைப் பற்றி, தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலில் அப்படி ஒன்று ஒட்டப்போகிறேன், மகனைப் பறிகொடுத்த அம்மா வர வேண்டும் என்று கேட்டாள்.

"அக்கா வந்தால் நான் வாறன்," என்றாள் மேல் வீட்டுக்காரி.

"என்னை விடு பிள்ளை. கடவுச்சீட்டுக்கு எடுத்த படத்திலையே நான் கண்ணை மூடிக்கொண்டு நிண்டனான்."

பெட்டை சிரித்தாள். "அன்ரியும் வாங்கோ. ரெண்டு அம்மா நல்லது."

"ஏன், செத்த பெடியனின்ரை படத்தை ஒட்டலாமே?"

"எல்லாரும் அதைத்தான் செய்யினம் அன்ரி. சனம் பாத்திட்டு, பாவம் எண்டு சொல்லிட்டுப் போகும். துவக்கு வைச்சிருக்கிறவருக்கும் வீட்டில ஒரு அம்மா இருக்கிறா. ரோட்டால போகேக்க அவர் அந்த அம்மாவைப் பாக்கோணும்."

எனக்கு எல்லாம் தெரிந்துதான் சொல்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கமெராப் பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். ஒன்றும் தெரியாது அவளுக்கு. மகன் வேலைக்குப் போவது லா சப்பல் பக்கத்தால்தான். நான் வாயால் கேட்டுப் பார்த்தாயிற்று. அவன் சப்பாத்து நூலைப் பார்க்கிறான், ரயிலைச் சொல்கிறான். மதிலில் கதவளவுக்கு நான் நின்றால் எங்கே பார்ப்பான்? அந்த யோசனை வந்த பிறகு என் கூச்சத்தைக் கணக்கெடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். வாறன் என்று சொன்னேன்.

படம் எடுக்கிற இடத்துக்கு ரயிலில் போகும்போது மேல் வீட்டுக்காரி யன்னலைப் பார்த்துக்கொண்டு கதைத்தாள்.

"அந்தத் துவக்கு எங்கையிருந்து வந்தது எண்டு பொலிஸ் இன்னும் தேடுதாம் அக்கா. ஆரோ ஒரு வீட்டிலைதானே வைச்சிருந்திருப்பினம். அந்த வீட்டிலை ஒரு மனிசியும் காணேல்லையே? காணாமல் இருக்குமே?"

நான் பையின் பிடியைத் திருகிக்கொண்டு இருந்தேன். இறங்குகிற இடம் வந்ததும், "வா பிள்ளை, வந்திட்டுது" என்று மட்டும் சொன்னேன்.

நல்ல சேலை உடுத்திக்கொண்டு போயிருந்தேன். முகம் மட்டும்தான் எடுப்பேன் என்று பெட்டை சொன்னாள். "அன்ரி, சிரிக்க வேண்டாம். கமெராவை உங்கட மகன் எண்டு நினைச்சுப் பாருங்கோ." நான் நினைத்தேன். கண்ணை மூடவில்லை. அவள் பல தரம் எடுத்தாள். முடிந்தபோது என் மேலுதடெல்லாம் வேர்த்திருந்தது.

ஒட்டிய அன்று காலையில் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். லா சப்பல் கடைத்தெருவிலிருந்து கொஞ்சம் தள்ளி, ரயில் பாதை ஓரத்து மதில். வாளியில் கோதுமை மாப் பசையும் நீளத் தடியில் தூரிகையும். கறுப்பு வெள்ளையில் முதலில் அவள் முகம், பக்கத்தில் என் முகம். என் மூக்கு அவ்வளவு பெரிதென்று எனக்கு அதுவரை தெரியாது. கண்ணுக்குக் கீழே இருக்கிற ஒவ்வொரு சுருக்கமும் விரல் தடிப்பில் இருந்தது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தெருவால் போகிற வெள்ளைக்காரர் நின்று பார்த்தார்கள். தொப்பியும் தடித்த குளிர்ச்சட்டையும் போட்டுக்கொண்டு அந்த முகத்துக்குக் கீழே நின்ற என்னை ஒருவரும் கவனிக்கவில்லை. அதுவரைக்கும் நல்லது.

"கீழை என்ன பிள்ளை எழுதிக் கிடக்கு?"

"'துவக்கை வைச்சிட்டு வீட்டை வா' எண்டு."

என் வீட்டில் துவக்குத்தான் வீட்டில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "தமிழிலையும் எழுதியிருக்கலாமே," என்றேன்.

"அடுத்த முறை அன்ரி. அச்சடிச்சு முடிஞ்சுது."

அந்த வாரம் முழுக்க மகன் ஒன்றும் சொல்லவில்லை. கண்டானா இல்லையா என்று தெரியாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலைக்கு வேறு தெருவால் போயிருக்கலாம். தலையைக் குனிந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். பானை அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொலைபேசி அடித்தது. எபினேயில் இருக்கிற மச்சாள். வருசத்தில் ஒருமுறை கதைப்பவள்.

"தம்பி நிக்கிறாரோ?"

"வேலைக்குப் போட்டான்."

"நீங்கள் ஆர், சொந்தமோ? தம்பியிட்டைச் சொல்லிவிடுங்கோ, எங்களுக்குச் சரியான மனவருத்தம். மச்சாள் மோசம் போனதை ரோட்டிலை பாத்து அறிய வேண்டிக் கிடக்கு. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். எப்ப எடுக்கினம்?"

"மச்சாள், நான் தான்."

"எந்த நான்?"

"நான் தான் கதைக்கிறன். நான் சாகேல்லை."

அவள் கொஞ்சம் கோபமாகவே கேட்டாள். "அப்ப என்னத்துக்கு லா சப்பல் மதிலிலை நிக்கிறியள்?"

அவளில் பிழை சொல்ல ஏலாது. லா சப்பலுக்கு மரக்கறி வாங்கப் போகிற எங்கள் சனம் கத்தரிக்காயைப் பார்ப்பதற்கு முன் கடைக் கண்ணாடியிலும் இரும்புக் கதவிலும் ஒட்டியிருக்கிற மரண அறிவித்தல்களைத்தான் பார்க்கும். யார், எந்த ஊர், எப்போது எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பையை நீட்டும். நானும் அப்படித்தான். மதிலில் வயதான தமிழ் முகம் ஒன்று கறுப்பு வெள்ளையில் இருந்தால் அதற்கு எங்களிடம் ஒரு அர்த்தம்தான். கீழே இருப்பது பிரெஞ்சு என்றால், பிள்ளைகள் இங்கே படித்தவர்கள், பிரெஞ்சில் அடித்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும். பின்னேரத்துக்குள் இன்னும் பலர் எடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் நான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒருத்தி நம்பாமல், என் தகப்பனின் ஊரைக் கேட்டுச் சோதித்துப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் மேல் வீட்டுக்காரியும் நானும் போய்ப் பார்த்தோம். இரண்டு முகத்துக்கும் மாலை தொங்கியது. உண்மையான செவ்வந்தி மாலை, ஒட்டுநாடாவால் ஒட்டியிருந்தது. மதில் அடியில் கற்பூரம் எரிந்த கறுப்பு. மரக்கறிப் பையோடு இரண்டு பேர் நின்றார்கள்.

"ரெண்டு மனிசியளும் ஒரே வீடாம். காஸ் வெடிச்சதாம்."

"கார் அடிச்சதெண்டெல்லோ சொன்னவை?"

"என்னவோ, நல்ல சாவு இல்லை. முகத்தைப் பாரன்."

அவர்கள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கீழே எழுதியிருந்ததைப் பார்க்கவில்லை. துவக்கைப் பற்றி ஒரு சொல்லும் அங்கே எழும்பவில்லை.

மேல் வீட்டுக்காரி தன் முகத்துக்குப் போட்டிருந்த மாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அந்தரமாக இருந்தது.

"கழட்டட்டே பிள்ளை?"

"வேண்டாமக்கா. எனக்குச் சரியாத்தான் போட்டிருக்கினம். உங்களுக்குத்தான் பிழைச்சுப் போச்சு."

பெட்டைக்குத் தொலைபேசி எடுத்தேன். மாலை போட்டிருக்கிறார்கள் என்றதும் அவளுக்குப் பெரிய சந்தோசம். சனம் தானாக வந்து கை சேர்த்திருக்கிறது, வந்து படம் எடுக்கிறேன் என்றாள். அதை ஏன் போட்டார்கள் என்று நான் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் அன்ரி. அம்மம்மா செத்தபோது நாங்களும் ஒட்டினாங்கள். நான் யோசிக்கேல்லை." பிறகு, "தமிழில ஒரு பேப்பர் ஒட்டிவிடுறன், அடுத்த கிழமை" என்றாள்.

அன்றைக்கு மகனுக்கு விடுமுறை. நான் திரும்பி வரும்போது மேசையில் இருந்தான். போட்டுக் கொடுத்த தேத்தண்ணீரைத் தொடவில்லை.

"ஆற்றை யோசினை அம்மா இது?"

"மேல் வீட்டுப் பிள்ளைக்குத் துணையாப் போனன்."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டியளே?"

"நீயும்தான் என்னட்டைக் கேக்காமல் பானையை எடுத்தனீ."

இப்படி அவனுக்கு நான் பதில் சொன்னதில்லை. அவனும் கொஞ்சம் திகைத்துப் போனான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அதை வைச்சிருக்கச் சொன்னவங்கள் மாலையைக் கண்டிட்டு எனக்கு எடுத்தவங்கள். மலர்வளையம் எங்கை அனுப்பிறது எண்டு கேட்டாங்கள். நான் விசரன், அம்மா சாகேல்லை, அது வேறை விசயம் எண்டு சொல்லிப்போட்டன். என்ன வேறை விசயம் எண்டு திரும்பப் போய்க் கீழை கிடந்ததை வாசிச்சிருக்கிறாங்கள்."

"வாசிக்கட்டும். அவைக்காகத்தானே எழுதினது."

"உன்ரை அம்மாவுக்கு என்ன தெரியும் எண்டு கேக்கிறாங்கள், அம்மா. ஆரிட்டை என்ன சொன்னவ எண்டு கேக்கிறாங்கள்."

அவன் கையைப் பார்த்தேன். சமையலறைச் சூடு பட்ட தழும்புகளோடு மேசையில் கிடந்தது. பிறகு கிளாசை இறுக்கிப் பிடித்தான். சின்ன வயதிலும் பயந்தால் இப்படித்தான் எதையாவது பிடிப்பான். அவன் பார்க்க வேண்டும் என்றுதான் மதிலில் நின்றேன். அவன் பார்த்தானா என்பதே இப்போது பெரிய விசயமில்லாமல் போய்விட்டது. பார்க்க வேண்டிய மற்ற ஆட்கள் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டார்கள். அதனால் வந்த பயம் முழுக்க என் பிள்ளையின் தலையில் வந்து இறங்கியிருக்கிறது.

"அதைக் கழட்டுங்கோ."

"என்னெண்டு கழட்டுறது, பசை போட்டு ஒட்டினதை?"

"எனக்குத் தெரியாது. உங்கடை முகம் அங்கை இருக்கக் கூடாது."

"நீ அதைக் கொண்டுபோய்க் குடு. நான் இதைக் கழட்டுறன்."

"ரெண்டும் ஒண்டில்லையம்மா," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப் போய்ச் சொன்னான்.

பெட்டைக்குத் திரும்பத் தொலைபேசி எடுத்தேன். எடுக்கவில்லை. அடுத்த நாள் காலை, மகன் குளித்துக்கொண்டிருக்கும்போதே வெளிக்கிட்டேன். தோசை திருப்புகிற தட்டகப்பையையும் ஒரு போத்தல் தண்ணீரையும் பையில் போட்டுக்கொண்டேன். லா சப்பலில் கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. மதிலில் என் பக்கத்து மாலை வாடிப்போய்ச் சரிந்திருந்தது. அதைக் கழற்றக் கை உயரம் போதவில்லை. கை எட்டியது வாய்க்குக் கீழே நாடிக்குத்தான். தண்ணீரை ஊற்றி நாடியிலிருந்து சுரண்டத் தொடங்கினேன்.

பசை லேசில் விடவில்லை. நகம் அளவுத் துண்டுகளாகத்தான் வந்தது. நாடி போனது. உன்னி உன்னிச் சுரண்டியதில் வாயும் போனது. கண்ணுக்கு எட்டவில்லை. பிரெஞ்சு எழுத்து இருந்த அடிப்பக்கத்துக்கு வரலாம் என்று குனிந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"எணை, என்ன வேலை செய்யிறாய்?"

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆள். கையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கிற பை.

"செத்த மனிசியின்ரை படத்தைச் சுரண்டிறாயே. மாலை போட்டுக் கிடக்கிறது கண் தெரியேல்லையோ?"

நான் தட்டகப்பையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தேன். நான் தான் அது, நான் சாகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். தொலைபேசியில் அத்தனை பேருக்குச் சொன்ன சொல், முகத்துக்கு முகம் நின்ற ஒருவருக்கு வரவில்லை. சொன்னால், பிறகு ஏன் ஒட்டினாய் என்று கேட்பார். ஏன் சுரண்டுகிறாய் என்று கேட்பார். அதற்கெல்லாம் பதில் வீட்டில் அலுமாரிக்கு மேலே இருக்கிறது.

"உன்ரை படத்தை ஒருத்தர் இப்பிடிச் சுரண்டினால் உன்ரை பிள்ளையள் பாத்துக்கொண்டு நிப்பினமே?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றேன்.

"என்னட்டைக் கேட்டு என்ன. அந்த மனிசியிட்டைக் கேள்." அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, எட்டி மாலையை நேராக்கினார். நான் மெத்ரோ ரயிலுக்குப் போகிற திருப்பம் வரும்வரை அங்கேயே காவல் நின்றார். நல்ல மனிதர். யாரோ ஒரு செத்தவளுக்காக இவ்வளவு வருந்தினார்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது குசினி மேசையில் பெரிய பானை இருந்தது. மூடி பக்கத்தில் இருந்தது. துவாய் மடித்துக் கதிரையில் போட்டிருந்தது. பானைக்குள் ஒன்றும் இல்லை. மகனும் இல்லை.

கதிரையில் இருந்துவிட்டேன். அது போக வேண்டும் என்றுதான் இவ்வளவு நாளும் கும்பிட்டேன். போனபோது எனக்கு நிம்மதி வரவில்லை. பானைக்குள் இருந்தவரை அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. மகனுக்கு எடுத்தேன். கன நேரம் அடித்து எடுத்தான்.

"வேலையிலை நிக்கிறனம்மா." பின்னால் சட்டி பானைச் சத்தம் கேட்டது. அது பொய்யில்லை.

"அது எங்கை?"

"எது?"

"தம்பி."

"அலுவல் முடிஞ்சுது. இனி அதைப் பற்றிக் கேக்காதேங்கோ."

"குடுத்திட்டியோ? ஆரிட்டைக் குடுத்தனீ?"

"கேக்காதேங்கோ எண்டெல்லோ சொன்னனான்," என்றான். பிறகு, "சாப்பிட்டியளோ?" என்று கேட்டான். சாப்பிட்டேன் என்று சொன்னேன்.

கொடுத்துவிட்டானா, இல்லை, ஒரு வேலைக்கு அனுப்பி அதைக் கையில் கொண்டுபோகச் சொன்னார்களா, இல்லை, பயத்தில் தானே இடுப்பில் வைத்துக்கொண்டு திரிகிறானா, எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றும் வேலை முடிந்து வந்தான். வழமைபோல மீன் பொரியலைத் தொட்டுக்கொண்டு சோறு சாப்பிட்டான். படங்களைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மதிலில் இப்போதும் நான் இருக்கிறேன். மழையில் கொஞ்சம் வெளிறிவிட்டேன். வாயும் நாடியும் இருந்த இடத்தில் வெறும் மதில் தெரிகிறது. பெட்டை சொன்னபடி தமிழில் ஒரு கடதாசி ஒட்டினாள். அதற்கு மேலே ஒருவரின் மரண அறிவித்தலை யாரோ ஒட்டிவிட்டார்கள்.

போன கிழமை மேல் வீட்டுக்காரி கீழே வந்தாள். பிள்ளையின் முதல் வருச ஆட்டைத் திவசம் வருகிறது, வேலை செய்த இடத்துப் பெடியள் எல்லாம் வருவார்கள் என்றாள். பானை குசினியிலேயே ஒரு மூலையில் இருந்தது. திரும்ப அலுமாரிக்கு மேலே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஓட்டை அடைச்சாச்சோ அக்கா?"

"ஓம் பிள்ளை."

"அப்ப நான் கொண்டுபோறன். இதிலைதான் அவனுக்குப் பிரியாணி போட்டனான்."

தராமல் இருக்க என்ன காரணம் சொல்வது? எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அவள் வந்து எடுக்கும் முன் புளி போட்டுத் தேய்த்திருந்தேன். அதற்கு முன்பும் பல தரம் தேய்த்திருந்தேன். அவளுக்கு முன்னால் நின்று திரும்பவும் ஒருமுறை தண்ணீர் விட்டுக் கழுவினேன். "மினுங்குது அக்கா, கழுவினது காணும்," என்று சொல்லி அதை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினாள். அவள் மகன் என் பையைத் தூக்கிக்கொண்டு ஏறிய அதே படி.

"திருப்பித் தர வேண்டாம் பிள்ளை. நீயே வைச்சிரு," என்று பின்னால் சொன்னேன். பானை இல்லாவிட்டால் இனி எதுவும் அதற்குள் வராது என்று ஒரு மூளை நினைத்தது. ஒரு வீட்டில் சாமான் ஒளிக்கிறதற்கு எத்தனை இடம் இருக்கிறது என்று மற்ற மூளைக்குத் தெரியும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மகன் வேலைக்குப் போகக் குளிக்கிறான். தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. அவன் குளிர்ச்சட்டை கதவுக்குப் பின்னால் கொளுவியில் தொங்குகிறது. தினமும் இந்த நேரத்தில் அதன் கீழ்ப்பக்கத்தை உள்ளங்கையில் ஏந்தி மெல்லத் தூக்கிப் பார்க்கிறேன். பொக்கெட்டுக்குள் கை விடுவதில்லை. பாரத்தை மட்டும் பார்க்கிறேன். சில நாள் லேசாக இருக்கும். சில நாள் பாரமாக இருக்கும். வீட்டுக் கதவுத் திறப்புக்கோர்வையாக இருக்கலாம், தொலைபேசியாக இருக்கலாம். இன்னும் தண்ணீர் ஓடுகிறது. எழும்பிப் போய்ப் பார்க்க வேண்டும்.